ஜூலு தேங்காய்

நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழா ஊர்வலங்களில் வண்டிகளிலிருந்து பாசிமணி மாலைகள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் கூட்டம் கைநீட்டிக் கெஞ்சுவது ஒரு தேங்காய்க்காக. ஜூலு சங்கத்தார் தரும் தேங்காய்.

கறுப்பினத்தவரின் உதவிச் சங்கங்களின் மரபில் வந்தது ஜூலு. சந்தா கட்டிய உறுப்பினர் நோயில் விழுந்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு. 1909-இல் கிளம்பிய ஊர்வலத்தில் அரசராக வந்தவருக்குப் பன்றிக்கொழுப்பு டப்பாவே கிரீடம், வாழைத்தண்டே செங்கோல். தம் ஊர்வலங்களில் அரசர்களை வலம்வரச் செய்த வெள்ளையர் கிளப்புகளின் ராஜ மிடுக்கை இதைவிட அழகாக யாரும் கேலி செய்ததில்லை என்பேன். 1949-இல் அந்த அரசராக வந்தவர் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

எனக்குப் பிடித்தது அந்தத் தேங்காய் வேலைதான். நாரை வழித்தெடுத்து, தண்ணீரை வடித்து, ஓட்டைக் காயவைத்து, பொன்னும் கறுப்பும் பூசி ஜிகினா தூவுகிறார்கள். கைவேலை என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

முன்பெல்லாம் வீசித்தான் எறிந்தார்கள். காயம், வழக்கு என்றாகி, காப்பீடு கிடைக்காமல் 1987-இல் தேங்காய் நின்றுபோனது. ஊர் விடவில்லை. கையில் கொடுக்கும் தேங்காயால் காயம் நேர்ந்தால் சங்கத்தின்மேல் வழக்கில்லை என்று 1988-இல் லூசியானா மாநிலம் சட்டமே இயற்றியது. இன்று வண்டியருகே போய்க் கையில்தான் வாங்க வேண்டும்.