யார் பதிவு செய்தது இதை?

சினிமாவில் கேமரா அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. காதால் மட்டும் கேட்கும் திகில் கதையில் அந்தக் கேள்வி சீக்கிரமே எழுந்துவிடுகிறது. இருட்டறையில் தனியாக நிற்கும் ஒருத்தி, “ஐயோ, அலமாரி தானாகத் திறக்கிறதே!” என்று உரக்கச் சொன்னால் பயம் அந்த இடத்திலேயே செத்துப்போகிறது. யாரிடம் சொல்கிறாள்? நமக்காகத்தான் சொல்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. காட்சியை யாராவது சொல்லியாக வேண்டும். சொன்னாலோ புனைவு பல்லிளிக்கிறது. திகில் ஒலித்தொடர்களின் பலமும் பலவீனமும் இந்த முடிச்சை அவை அவிழ்க்கும் விதத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

பாட்காஸ்ட் காலத்துக்கு வெகு முன்பே வானொலி இதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று, ரிச்சர்ட் ஹியூஸின் ‘எ காமெடி ஆஃப் டேஞ்சர்’. 1924 ஜனவரியில் பிபிசி அதை ஒலிபரப்பியது. கதை நடக்கும் இடம் நிலக்கரிச் சுரங்கம். தொடக்கத்திலேயே விளக்கு அணைந்துவிடுகிறது. பாத்திரங்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள் தடவித் தடவிப் பேசுவது இயல்பாகிறது. லூசில் ஃபிளெட்சர் எழுதி, 1943இல் அமெரிக்காவின் ‘சஸ்பென்ஸ்’ வரிசையில் அக்னஸ் மூர்ஹெட் நடித்த ‘சாரி, ராங் நம்பர்’ இன்னும் கச்சிதம். படுக்கையைவிட்டு எழ முடியாத பெண் ஒருத்தி, தவறாக இணைந்த தொலைபேசியில் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். பிறகு ஆபரேட்டரை அழைக்கிறாள், போலீஸை அழைக்கிறாள், யாரும் நம்பவில்லை. நாடகமே தொலைபேசிப் பேச்சுதான் என்பதால் எதையும் வலிந்து வர்ணிக்க வேண்டியிருக்கவில்லை.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வழங்கிய, செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்கும் வானொலி நாடகமான ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ இரண்டு விதமாகவும் பாடம் சொல்கிறது. முன்பாதி செய்தியறிக்கை வடிவத்தில் நகர்கிறது. தாக்குதல் நடக்கும் க்ரோவர்ஸ் மில் என்ற ஊரிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் நிருபரின் குரல் நடுவில் அறுந்து, சில விநாடிகள் ஒலிபரப்பே மௌனமாகிறது. வானொலித் திகிலில் அதைவிட வலுவான மௌனத்தை நான் கேட்டதில்லை. (நாடே பீதியில் வீதிக்கு ஓடியது என்ற கதையைச் செய்தித்தாள்கள்தான் ஊதிப் பெருக்கின என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.) பின்பாதியில் செய்தி வடிவத்தைக் கைவிட்டு, பேராசிரியர் ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே விவரிக்கத் தொடங்குகிறார். மொழி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர் யாருக்கு, எங்கிருந்து பேசுகிறார் என்ற பிடி நழுவுகிறது. அதோடு பயமும் போய்விடுகிறது.

குரல் பதிவானதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வைக்கும் உத்தியை இன்றைய தொடர்களில் மிக ஆழமாகத் தோண்டியது ‘தி மேக்னஸ் ஆர்க்கைவ்ஸ்’. பிரிட்டனின் ரஸ்டி குவில் நிறுவனம் 2016 முதல் 2021 வரை 200 எபிசோட்களாக வெளியிட்டது. எழுதியவர் ஜோனதன் சிம்ஸ். தன் பெயரையே தாங்கிய ஆவணக் காப்பாளர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. லண்டனில் ஒரு கற்பனை நிறுவனம். அமானுஷ்ய அனுபவங்களைப் பற்றி மக்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களை அவர் டேப் ரெக்கார்டரில் வாசித்துப் பதிவு செய்கிறார். கணினியில் பதிவு செய்தால் உண்மையான வாக்குமூலங்கள் சிதைந்துபோகின்றன, அதனால்தான் டேப். இந்த ஒரு விதியால் பழைய கருவி அங்கே இருப்பதற்குக் காரணம் கிடைக்கிறது; எந்த வாக்குமூலம் மெய் என்பதற்கு ஓர் அடையாளமும் கிடைக்கிறது. செலவும் குறைவு: ஒரு மைக், ஒரு குரல். ஹெட்போனில் அந்தக் குரல் காதுக்கு அத்தனை அருகில் வருகிறது.

முதல் எபிசோடில், எடின்பரோவின் இருண்ட சந்தில் ஓர் உருவம் மெல்ல ஆடியபடி சிகரெட் கேட்கிறது. வாக்குமூலம் தந்த மாணவனுக்கு அது என்னவென்று தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாததுதான் அதன் நஞ்சு. பல சீசன்கள் கழித்து அந்த உருவத்துக்கும் ஒரு வகைப்பாட்டில் இடம் கிடைக்கிறது. தொடரில் வரும் அமானுஷ்யங்களெல்லாம் 14 பயங்களாக வகுக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தவர் என்று ராபர்ட் ஸ்மர்க் என்ற நிஜக் கட்டடக் கலைஞரைக் கதை கைகாட்டுகிறது. ரசிகர்களுக்கு இந்தப் பட்டியல் பெரும் கொண்டாட்டம்; புதிய வாக்குமூலம் வந்ததும் இது எந்த வகை என்று யூகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். யூகிக்கத் தொடங்கியவர் பயப்படுவதை நிறுத்திவிடுகிறார். நீண்ட தொடருக்கு இணைப்புக் கயிறு வேண்டும் என்பது புரிகிறது. அந்தக் கயிறே ஒவ்வொரு கதையின் கழுத்தையும் கொஞ்சம் நெரிக்கிறது.

இன்னொரு குறை மொழியில் இருக்கிறது. மாணவன், படைவீரர், முதியவர் என்று யார் எழுதியதானாலும் வாக்குமூலங்கள் பெரும்பாலும் ஒரே சீரான இலக்கிய நடையில் வருகின்றன. பயந்துபோன மனிதர் இவ்வளவு ஒழுங்காக, உச்சம் பார்த்து நிறுத்தி எழுதுவாரா? பிற்பாடு பாத்திரங்கள் பெருகி, கைகலப்புகளும் துரத்தல்களும் வரும்போது முனகலும் இடிபாட்டுச் சத்தமும்தான் மிஞ்சுகின்றன. கையில் கத்தி இருப்பதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாகிறது.

ஆனாலும் இந்தத் தொடரை மதிக்க வைப்பது, பதிவு செய்யும் செயலையே அது குற்றமாக்கிய துணிச்சல். பிறர் பயத்தைக் கேட்பதையே உணவாகக் கொள்ளும் சக்தி ஒன்றுக்குக் காப்பாளர் அடிமையாகிறார். வலியோடு பேசுகிறவர்களிடமிருந்து வாக்குமூலத்தைப் பிடுங்குகிறார். அத்தனை எபிசோட்களையும் ஆசையோடு கேட்டவர் யார்? பதிலை யாரும் சொல்லத் தேவையில்லை. உத்தியே பொருளாக மாறிய இடம் அது. வெறும் அலங்காரத்துக்காக டேப் இரைச்சலைச் சேர்க்கும் தொடர்கள் பல உண்டு. அவற்றில் அந்த இரைச்சலை நீக்கினாலும் கதை மாறாது.

‘மேக்னஸ் ஆர்க்கைவ்ஸி’ன் வழித்தொடராக 2024 ஜனவரியில் தொடங்கிய ‘தி மேக்னஸ் ப்ரோட்டோகால்’ பழைய குறைகளை அறிந்தே வடிவத்தை மாற்றியிருக்கிறது. அரசு அலுவலகத்தின் பழங்கணினி மின்னஞ்சல், கடிதம், இணைய உரையாடல் போன்றவற்றைச் செயற்கைக் குரலில் வாசிக்கிறது. அலுவலக ஊழியர்களைச் சுற்றியுள்ள கருவிகள் ஒட்டுக்கேட்கின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி நடை கிடைத்தது பெரிய லாபம். இழந்ததும் உண்டு. முந்தைய தொடரில் காப்பாளர் வாசிக்க வாசிக்க அவர் குரல் தளர்ந்து போனதைக் கேட்டு நாம் நடுங்கினோம். கணினிக்கு இழப்பதற்கென்று எதுவும் இல்லை. நடிகர்கள் அந்தக் குரல்களில் உணர்ச்சியைக் கொஞ்சம் கசியவிடுகிறார்கள். கசியும்போதெல்லாம் பயம் திரும்பி வருகிறது.