எந்த விமர்சனத்துக்கு அஞ்சாதவர்கள்?

மிஷனரிகளைப் போற்ற நம்மிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது. எதிர்ப்பு வந்தது, அவர் தளரவில்லை, ஊழியத்தில் உண்மையாய் நிலைத்தார். சபைகளின் ஆண்டு மலர்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. ஏச்சு வாங்கியதே உண்மைக்குச் சான்றாகிவிடுகிறது. ஏசியவர் யார், எதற்காக ஏசினார் என்று யாரும் கேட்பதில்லை.

இன்று காரும் கைப்பேசியும் உருவாகும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து வயல்காட்டு ஊர்கள். 1890களில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இம்மாவட்டத்தில் உழைத்தார்கள். நிலவுடைமையாளர்களான மிராசுதார்களின் பகைக்கு அவர்கள் அஞ்சவில்லை. பறையர் மக்களின் அடிமை வாழ்வை அரசின் காதில் விழச்செய்தார்கள். ஆட்சியர் டிரமென்ஹீரின் 1891 அறிக்கையையும், அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கிய அடுத்த ஆண்டின் பஞ்சமி நில ஆணையையும் இக்குரல்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஆண்ட்ரூ உருவாக்கிய மெல்ரோசாபுரம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. இந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே.

என் மறுப்பு வேறிடத்தில். ஒரு விமர்சனத்துக்கு மிஷன் அஞ்சியது. திருச்சபையில் சேர வந்த பறையர் மக்களைக் காட்டி, 'இவர்கள் சோற்றுக் கிறிஸ்தவர்கள்' என்றதே அது. சாதி இந்துக்கள் சொன்னார்கள். சக மிஷனரிகளே சொன்னார்கள். அதைத் தூக்கி எறிவதற்குப் பதிலாக, வந்தவர்களின் நோக்கம் தூயதா என்று மிஷன் துருவத் தொடங்கியது. இந்தச் சந்தேகத்தின் வரலாற்றை ரூபா விஸ்வநாத் 2014இல் வெளிவந்த 'தி பறையா ப்ராப்ளம்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

வந்தவர்கள் கேட்டது என்ன? குடியிருக்கும் மனைக்கு உரிமை, உழ ஒரு துண்டு நிலம், மிராசுதாரின் அடியிலிருந்து பாதுகாப்பு. இவற்றைக் கேட்பது விசுவாசக் குறைவா? எகிப்தின் அடிமைகளைக் கடவுள் விடுவித்த கதையைப் படித்துக்காட்டிவிட்டு, விடுதலை கேட்டு வந்தவனை ஐயப்படுவது எந்த வேதம்? மாவட்டத்துக்கே நெல் விளைத்தவனைச் சோற்றுக்காக வந்தவன் என்றது கொடிய அவதூறு. மாதச் சம்பளம் பெற்ற மிஷனரியின் நோக்கத்தை இப்படித் துருவியது அரிது. பசித்தவனின் பக்தியே தேர்வு எழுதியது.

இந்தப் பழக்கம் மிஷனரிகளோடு முடிந்துவிடவில்லை. 2024இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்து கேட்டவை சங்க உரிமையும் கூலி உயர்வும். கூலி வேறு, ஆன்மா வேறு என்று பிரித்துவிட்டு அதே வட்டாரத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் எவரும் பழைய பிழையையே செய்கிறார். எதிரியின் ஏச்சைத் தாங்குவது எளிது. அது புகழ் தரும். ஏழையின் கோரிக்கையைக் குறைசொல்லாமல் ஏற்று, அதற்காக வரும் இகழ்ச்சியையும் சேர்த்துச் சுமப்பவரையே நான் உண்மையுள்ள ஊழியர் என்பேன்.