பஞ்ச் இறங்கும் முன்

புரோகிரசிவ் டையில் ஒரு பொருள் ஒரே அடியில் உருவாகிவிடுவதில்லை. காயிலிலிருந்து பிரிந்து வரும் தகட்டுப் பட்டை ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் குறித்த தூரம் நகர்ந்து நிற்கும். முதல் நிலையத்தில் துளை, அடுத்ததில் வெட்டு, அதற்கடுத்ததில் வளைவு என்று முன்னேறி, கடைசி நிலையத்தில் பொருள் பட்டையை விட்டுப் பிரிந்து விழும். மின் இணைப்பான்களின் சிறு பின்களை அடிக்கும் பிரஸ்களில் சில நிமிடத்துக்கு 1,000 ஸ்ட்ரோக்கையும் தாண்டி ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் பட்டை கொஞ்சம் தள்ளி நின்றாலோ, விழ வேண்டிய பொருள் விழாமல் கிடந்தாலோ, அடுத்த அடியில் பஞ்ச் ஒடியும், டை பிளவுபடும். கவனமுள்ள ஆபரேட்டர்கூடச் சத்தம் மாறிய பிறகுதான் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அதற்குள் டை டூல் ரூமுக்குப் போக வேண்டிய நிலைக்கு வந்திருக்கும்.

டைக்குள் வைக்கும் சென்சார் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. சென்சாரைக் கடையில் வாங்கிவிடலாம். எதைப் பார்ப்பது, சுழற்சியின் எந்தக் கணத்தில் பார்ப்பது என்பதை டை வடிவமைப்பவர்தான் யோசித்தாக வேண்டும். நல்ல டையையும் சுமாரான டையையும் பிரிப்பது அந்த யோசனை.

கணம் என்பது இங்கே கோணம். கிராங்க் தண்டில் பொருத்திய ரிசால்வர் என்ற கருவி, தண்டு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பஞ்சுகளை ஏற்றி இறக்கும் ராம் உச்சியில் இருப்பது 0 பாகை, அடியில் இருப்பது 180. ஒவ்வொரு சென்சாருக்கும் இந்த வட்டத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்படும். அந்தப் பகுதிக்குள் சமிக்ஞை ஒருமுறை வந்து அணைய வேண்டும். வராமலே போனாலும் தவறு. வந்தது அணையாமல் நின்றாலும் தவறு. இந்த எளிய விதியின் அழகைத் தொழில் தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். கேபிள் அறுந்தால் சமிக்ஞை வராது, பிரஸ் நிற்கும். எண்ணெயில் ஒட்டிய துண்டு சென்சாரின் முகத்தை மறைத்தால் சமிக்ஞை அணையாது, அப்போதும் பிரஸ் நிற்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சென்சார் தான் உயிரோடிருப்பதை நிரூபித்தாக வேண்டும். தவறு நேர்ந்தால் மட்டும் குரல் கொடுக்கும் சென்சாருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது செத்துப்போனாலும் எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும்.

முதலில் காக்க வேண்டியது பட்டையின் நகர்வை. இதற்கான பழைய ஏற்பாடுதான் இன்றும் ரசிக்கத்தக்கது. புரோகிரசிவ் டையில் பைலட் என்ற ஊசிகள் பஞ்சுகளுக்கு முன்பே இறங்கி, முதல் நிலையத்தில் போட்ட துளைகளுக்குள் நுழைந்து பட்டையைச் சரியான இடத்துக்கு இழுத்து வைக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் ஸ்பிரிங்கின் மேல் மிதக்க விட்டுவிடுவார்கள். பட்டை சரியாக வந்திருந்தால் அந்த ஊசி துளைக்குள் சத்தமில்லாமல் இறங்கும். வராவிட்டால் அதன் முனை தகட்டில் முட்டும், ஊசி மேலே தள்ளப்படும், அதன் சரிவான கழுத்து ஒரு குறுக்குக் கம்பியைப் பக்கவாட்டில் நகர்த்தும், அந்த நகர்வைச் சென்சார் பார்க்கும். துளை இருக்கிறதா என்ற கேள்விக்குத் துளையைக் கொண்டே விடை காணும் இந்த முறையில் மிகையான பாகம் என்று ஒன்றுமில்லை.

ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. ஊசி தகட்டைத் தொடும் வேளையில் பஞ்சும் அருகில் வந்துவிடுகிறது. சமிக்ஞை கிடைத்து பிரேக் பிடிக்கத் தொடங்க 30 மில்லி நொடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ் அதற்குள் 11 பாகைகூடத் திரும்பாது. 300 ஸ்ட்ரோக்கில் 54 பாகை திரும்பிவிடும். 1,000 ஸ்ட்ரோக்கில் அரைச் சுற்றே முடிந்துவிடும். ஆகவே வேகம் கூடக் கூட, இன்னும் முன்னதாகப் பார்க்கும் கண் வேண்டும். பட்டையின் நுனி வந்து நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு சென்சார் வைத்து, நகர்வு முடிந்ததுமே விடை வாங்குகிறார்கள். அதுவும் போதாத வேகங்களில் முதல் அடியைத் தடுக்க முடியாது. அங்கே சென்சார் காப்பாற்றுவது இரண்டாவது அடியிலிருந்து. அது சிறிய உதவியல்ல. பெரிய சேதங்கள் பலவும் தொடர்ந்து விழும் அடிகளாலேயே வருகின்றன.

பொருள் வெளியேறியதா என்று பார்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. சிறு பொருள் விழும் பாதையில் வளையச் சென்சாரோ ஒளியிழைச் சென்சாரோ வைத்தால் போதும். எண்ணெய்ப் புகை படரும் இடத்தில் ஒளியை நம்புவது சிரமம். அங்கே உலோகத்தை மட்டும் உணரும் இண்டக்டிவ் சென்சார் மேல். அதற்கும் ஒரு தன்மை உண்டு: இரும்பை உணரும் தூரத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில்தான் சாதாரண வகை செம்பையும் அலுமினியத்தையும் உணரும். இரும்புத் தகட்டுக்குச் சரிசெய்த டையில் பித்தளையை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சில்லு மேலேறுவது எல்லாவற்றிலும் பொல்லாத தொல்லை. துளையிட்ட சில்லு கீழே விழாமல் பஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டு தகட்டின் மேல் வந்து கிடக்கும். எண்ணெய்ப் படலம், பஞ்சுக்கடியில் உண்டாகும் வெற்றிடம், பஞ்ச் காந்தமேறியிருப்பது, பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி கூடிப்போவது எல்லாமே இதற்குக் காரணமாகலாம். டை உடையாது, பிரஸ் நிற்காது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு வடு மட்டும் விழுந்துகொண்டே போகும். பெட்டி பெட்டியாகக் கழிவு சேர்ந்த பிறகே தெரியவரும். நேரடியாகப் பார்க்க முடியாத இந்தச் சில்லை ஸ்ட்ரிப்பர் பிளேட்டின் வழியே பிடிக்கிறார்கள். தகட்டை அழுத்திப் பிடிக்கும் அந்தப் பிளேட் 180 பாகையில் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அடியில் சில்லு கிடந்தால் ஒரு மூலை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு உயர்ந்து நிற்கும். அதனால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சென்சார்கள். ஒன்றே இருந்தால் சாய்வு தப்பிவிடும். ஓடும் வேகத்தில் பிரஸ்ஸின் அடிமட்ட உயரமே சற்று மாறும், டையும் சூடேறும். ஆகவே இதன் அளவை நின்ற நிலையில் குறிக்கக் கூடாது. முழு வேகத்தில் ஓடும்போது குறிக்க வேண்டும். பிரஸ் ஷாப்பில் நுட்பம் என்று சொல்லத்தக்கது இதுதான்.

டைக்குள் பார்ப்பதோடு பிரஸ்ஸின் உடலையும் கேட்கலாம். 1938-இல் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் அமெரிக்காவில் தனித்தனியே உருவாக்கிய திரிபுமானியைச் சட்டத்தில் பொருத்தினால், ஒவ்வொரு அடியிலும் இரும்பு எவ்வளவு நீள்கிறது என்பதிலிருந்து விசையை டன் கணக்கில் அறியலாம். பஞ்ச் மழுங்கினால் விசை மெல்ல ஏறும். இரட்டைத் தகடு நுழைந்தால் சட்டென்று ஏறும். தகடே வராவிட்டால் விழுந்துவிடும். தகடு முறியும் கணத்தில் சட்டம் துள்ளி எதிர்த்திசையில் இழுபடுவதையும் இந்த வரைகோடு காட்டும். அந்த எதிர்விசை பிரஸ்ஸின் கொள்திறனில் சுமார் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு.

இத்தனையும் ஒழுங்காக இருந்தும் வீணாவதற்கு ஒரு வழி இருக்கிறது. அவசியமின்றி அடிக்கடி பிரஸ்ஸை நிறுத்தும் சென்சாரை எந்த ஷிப்டும் பொறுத்துக்கொள்ளாது. இரண்டாம் நாளே பைபாஸ் செய்துவிடும். குற்றம் ஆபரேட்டர் மேல் சுமத்தப்படும். பெரும்பாலும் அது, கோணத்தைக் குறுக்கி வைத்தவரிடமோ, கேபிளைச் சில்லு விழும் வழியில் இழுத்தவரிடமோதான் இருக்கும். டையில் இருபது சென்சார் இருப்பது பெருமையல்ல. ஆறே சென்சார் இருந்து, ஆறும் ஷிப்ட் முழுக்க பைபாஸ் ஆகாமல் ஓடினால் அதைச் செய்தவர் தொழில் தெரிந்தவர்.