ஆராய்ச்சியும் மொழியும்: கிறீன் மரபு குறித்து ஒரு மறுநோக்கு

பல்கலைக்கழக ஆராய்ச்சியின் தரம் பற்றிப் பேசப்படுமளவுக்கு, அது எவரைச் சென்றடைகிறது என்பது பேசப்படுவதில்லை. இலங்கையில் இயற்கை விஞ்ஞானமும் மருத்துவமும் ஆங்கிலத்திற் பயிலப்படுகின்றன. சமூக விஞ்ஞானங்கள் தமிழிற் கற்பிக்கப்படினும் அவற்றின் ஆய்வுகள் பலவும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. தமிழ் இதற்குப் போதாது என்பது வழமையான சமாதானம். வரலாறு அதனை ஏற்கவில்லை.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 'இரண வைத்தியம்' (1867), 'கெமிஸ்தம்' (1875) முதலியன அவரும் அவர்தம் மாணாக்கரும் முயன்று ஆக்கிய நூல்கள். சமயப் பரப்பலே மிஷனின் நோக்கம் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை. ஆயினும், தமிழிற் பயின்ற வைத்தியர் ஊரிலேயே தங்கிப் பணிபுரிவர் என்ற அவரது கணிப்பு, மொழிக்கும் சமூகத்துக்குமுள்ள உறவைச் சரியாக இனங்கண்டது.

அம்முயற்சி ஏன் தொடரவில்லை? கலைச்சொற் பஞ்சத்தாலன்று. உத்தியோகமும் அந்தஸ்தும் ஆங்கிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த குடியேற்ற அமைப்பில் அதற்குப் பொருளியல் அடித்தளம் இருக்கவில்லை. கிறீனைப் போற்றுவோர் பலர் இதனைக் காணாது, அவரைத் தனிமனித அதிசயமாக்கி அமைதியடைகின்றனர்.

1948 இல் அவ்வாட்சி நீங்கிற்று, பிணைப்பு நீங்கவில்லை. உலக ஆய்வாளரோடு உரையாட ஆங்கிலம் வேண்டும்; அதில் மறுப்பில்லை. ஆனால் தம் கிணற்றுநீரையும் குருதியையும் வாக்குமூலங்களையும் ஆய்வுக்கு ஈந்த மக்களிடம் அதன் முடிபுகள் அவர்தம் மொழியில் மீளவேண்டும். அதுவரை அவர்கள் ஆய்வின் மூலப்பொருளேயன்றிப் பங்காளரல்லர்.