சுவரற்ற சிறை: குற்றப் பரம்பரைச் சட்டமும் தமிழ்ச் சிறையிலக்கியத்தின் எல்லையும்

தமிழில் சிறையிலக்கியம் என்னும் வகைமையைப் பேசுவோர் பெரும்பாலும் வ.உ.சிதம்பரனார் செய்யுளில் எழுதிய சுயசரிதையிலிருந்து தொடங்குவர். இராஜாஜி 1921-22இல் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பு, சி.ஏ.பாலனின் ‘தூக்குமர நிழலில்’, தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’ என அவ்வரிசை நீளும். கொள்கையால் வேறுபட்ட இவர்களிடையே ஓர் ஒற்றுமை உண்டு. ஒவ்வொருவரும் ஒரு வழக்கில் தீர்ப்புப் பெற்றவர். அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட செயல் ஒன்று இருந்தது. தண்டனை இன்னதென வரையறுக்கப்பட்டிருந்தது. மதிலுக்கு வெளியே ஒரு வீடும் இருந்தது. அந்த வீட்டை நோக்கியதாகவே அவர்தம் விடுதலை வேட்கை அமைந்தது. இவ்விலக்கணத்தைக் கொண்டு, மதுரைக்கு மேற்கேயுள்ள பிரமலைக் கள்ளர் ஊர்கள் பட்ட அடைபாட்டை அளக்க முடியுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. முடியாது என்பது என் கருத்து.

1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் அதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றனர். பெயரிடுவதில் மக்கள் சட்டமியற்றியவர்களைவிட நேர்மையானவர்கள். பதிவேட்டில் ஏறியவர் குறித்த இடைவெளிகளில் நேரில் வந்து தம்மைக் காட்ட வேண்டும். உறைவிடத்தையும், அங்கிருந்து நீங்குவதையும் நீங்க எண்ணுவதையும்கூட முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இச்சமூகம் குற்றப் பரம்பரை என்னும் அறிவிக்கை செல்லுமா என்று நீதிமன்றத்தில் வினவவும் வழியில்லை. இங்குத் தனிமனிதன் செய்த குற்றம் இல்லை, தீர்ப்பு இல்லை, எனவே விடுதலை நாளும் இல்லை. கைதி நாள்களை எண்ணிக் கழிக்கலாம். பதிவுற்றவனுக்கு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அவன் வீடே சிறையின் உள்ளே இருந்தது.

‘காவல்’ என்னும் சொல்லை இங்கு நின்று நோக்குதல் தகும். காத்தலும் அடைத்தலும் அச்சொல்லில் ஒருங்கே உறைகின்றன. ஊரைக் காப்பதும் காவல். ஒருவனைப் பிடித்து வைப்பதும் காவல். குடிக்காவல் முறையில் ஊர்களின் இரவுக்குப் பொறுப்பேற்றிருந்தவர்கள், காலனிய அரசின் காவல்துறை வேரூன்றிய பின் அதே சொல்லின் மறுபொருளுக்குள் தள்ளப்பட்டனர். சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) தலைப்பிலேயே இவ்விருபொருளைத் தாங்கி நிற்கிறது. சாகித்திய அகாதெமி விருது (2011) பெற்ற அந்நாவலை எஸ்.ராமகிருஷ்ணன் கடுமையாக மறுத்தார். ஜெயமோகன் விரிவாகப் பாராட்டினார். அவ்விவாதம் வரலாற்று நாவலின் வடிவம் பற்றியதாகவே பெரிதும் நின்றுவிட்டது. என் வாசிப்பில் அது முதன்மையாக இரவைப் பற்றிய நாவல். இருளில் நடத்தல், ஓசையறிதல், களவு, களவைத் தடுத்தல் ஆகிய யாவும் அங்கே ஓர் அறிவுத்துறையாகவே விரிகின்றன. அந்த இரவைத்தான் சட்டம் பறித்தது. இம்மக்களின் விடுதலை வேட்கையை ‘நாட்டு விடுதலை’ என்னும் பெருஞ்சொல்லுக்குள் அவசரமாகக் கரைத்துவிடுதல் பிழை. பொழுது சாய்ந்தபின் கேட்பாரின்றித் தன் ஊர் எல்லையைக் கடக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அகத்திணை மரபில் இற்செறிப்பு என்பது தலைவியை இல்லத்துள் அடைத்தல். இரவுக்குறிக்குத் தடையாக நிற்போர் ஊர்காவலர். சட்டம் இவ்வமைப்பைத் தலைகீழாக்கிற்று. ஆண்கள் இல்லத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, காவல் நிலையத்திலும் சாவடியிலும் இரவு துயில வைக்கப்பட்டனர் என்பதை அவ்வூர்களின் வாய்மொழி நினைவுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. பெண்கள் வீட்டில் தனித்திருந்தனர். முற்காலப் பாடலில் காவலனை ஏய்த்து வந்தவன் தலைவன். இங்கே கணவனே அன்றாடம் காவலனிடம் ஒப்படைக்கப்பட்டான். புதுமணம் புரிந்தவளுக்கு இவ்விரவுகள் என்னவாக இருந்தன என்பதை எழுதிய நாவல் எதனையும் நான் வாசித்ததில்லை.

குறை இங்கேதான் இருக்கிறது. வேல ராமமூர்த்தியின் ‘குற்றப் பரம்பரை’யிலும் மேலோங்கி நிற்பவை வீரமும் மோதலும் பழியுமே. அந்நாவலின் வேகம் மறுக்க இயலாதது. ஆனால் அடைபாட்டின் இயல்பு வேகமன்று, சலிப்பு. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் உயிரிழந்தார். அவ்வொரு நாளுக்கு நினைவுத்தூண் உண்டு, நூல்கள் உண்டு. அந்நாளுக்கும் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டதற்கும் இடையே 27 ஆண்டுகள், ஏறத்தாழப் பத்தாயிரம் இரவுகள். அவை இலக்கியத்தில் இன்னும் விடியவில்லை.

பொது நினைவு தலைவர்களைச் சுற்றியே இயங்குகிறது. கோரிப்பாளையம் சந்திப்பில் நிற்கும் முத்துராமலிங்கத் தேவர் சிலைக்கு அக்டோபர் 30 அன்று மாலைகள் குவிகின்றன. 1930களில் இச்சட்டத்துக்கு எதிராக அவர் நடத்திய போராட்டம் மெய்யானது. எனினும் சிலையால் சொல்லக்கூடியது தலைமையின் கதையை மட்டுமே. இதற்கு மாறாக, கள்ளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்றழைத்து, அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் இட்ட வழக்கில் ஊரின் நன்றி எளிய முறையில் பதிவாகியிருக்கிறது. ஆய்வாளர் தேட வேண்டியவை இத்தகைய தடயங்கள்: பெயர்கள், ஒப்பாரிகள், தாலாட்டுகள், ஊர்விட்டு ஊர் செல்ல இசைவு கேட்ட விண்ணப்பங்கள், நிலையப் பதிவேடுகள்.

அச்சிலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அமெரிக்கன் கல்லூரியும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் உள்ளன. உசிலம்பட்டி பேருந்தில் ஓரிரு மணி நேரம். சட்டம் நீங்கியபோது பத்து வயதிருந்த பிள்ளை, தந்தை சாவடிக்குப் புறப்படுவதை அந்தியில் கண்டிருக்கும். அப்பிள்ளைக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது.