முழுகாமல் இருப்பவள்: உடலின் முதல் வாசகர் யார்?

1

பேச்சுத்தமிழில் கர்ப்பத்துக்குச் சொற்பஞ்சம் கிடையாது. 'உண்டாயிருக்கா', 'மாசமா இருக்கா', 'வாயும் வயிறுமா இருக்கா' என்று பல. இவற்றுள் ஒன்று மட்டும் என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துவந்திருக்கிறது: 'முழுகாம இருக்கா'. மற்றவை ஏதோ ஒன்று இருப்பதைச் சொல்ல, இது ஒன்று நிகழாமல் போனதைச் சொல்கிறது. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் குளியல் இந்த மாதம் நடக்கவில்லை. நடக்காத அந்தக் குளியலே குறி. ஒன்றுமில்லாமையும் குறியாகச் செயல்பட முடியும் என்று சசூரை வைத்துக்கொண்டு விளக்கப் பாடுபடுகிறோம். நம் பாட்டிமார்களுக்கு அது அடுப்படிச் சமாசாரம்.

ஆனால் இந்தக் குறியைப் படித்தவர் யார்? மூன்று நாள் தனிப்பாயும் தனித்தட்டுமாக ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட பெண்ணின் மாதவிலக்கு ஒருபோதும் அவளுடைய அந்தரங்கமாக இருந்ததில்லை. எனவே அவள் ஒதுங்காத மாதமும் ஊரறிந்ததுதான். கல்யாணமான புதிதில் நான் நாள்கணக்கு பார்க்கத் தொடங்கும் முன்பே என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) எண்ணி முடித்திருந்தார். "என்னம்மா, இந்த மாசம் இன்னும் முழுகலை போலிருக்கே?" அன்பாகத்தான் கேட்டார். ஆனால் என் உடலைப் பற்றிய சேதி எனக்கே அடுத்தவர் வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து ரத்தம் பட்டபோது ஏமாந்தது அவரா நானா என்று எனக்குப் புரியவில்லை.

2

'வயா' என்ற சொல்லுக்கு மிகுந்த ஆசை என்ற பொருளைத் தருகிறது தொல்காப்பிய உரியியல். பிற்பாடு அது கர்ப்பிணியின் ஏக்கத்துக்கும் நோவுக்கும் பெயராயிற்று. குறுந்தொகை 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து நகர மாட்டாத மேகத்துக்கு, பச்சைப்புளிக்கு ஏங்கும் நிறைசூல் மகளிரை உவமை சொல்கிறார். அங்கே பெண் ஆசைப்படுகிறவளாக இருக்கிறாள். நம் சினிமாவுக்கு வந்து சேரும்போது இந்த ஆசை என்னவாகிறது? அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிறாள், அல்லது மயங்கி விழுகிறாள். யாரோ நாடி பிடித்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சேதி முதலில் மாமியாருக்கு, அடுத்து புருஷனுக்கு. அவள் கண் விழிக்கும்போது ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆசைப்பட்டவள் அறிகுறியாகச் சுருங்கிவிட்டாள்.

இந்தக் காட்சிப் பழக்கத்தால் நாம் இழந்தது, நிஜமான ஆரம்பக் குறிகளின் தெளிவின்மையை. மார்பில் லேசான வலி, காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர், தாளிக்கிற வாசனையே பிடிக்காமல் போவது. இவற்றுள் பாதி, மாதவிலக்கு வருவதற்கு முந்தைய நாட்களிலும் இருப்பவை. ஒரே குறி எதிரெதிரான இரண்டு அர்த்தங்களைத் தாங்கி நிற்கிறது. சிலருக்குக் கரு தங்கிய பின்னும் கொஞ்சம் ரத்தம் படும். மாதவிலக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். மாதாமாதம் ஒழுங்காக வராதவளுக்கோ, பால்கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கோ 'முழுகாமை' எதையும் சொல்வதில்லை.

3

செவிலியர் படிப்பு படித்த என் தங்கையின் மகப்பேறுப் பாடநூலை ஒருநாள் புரட்டினேன். கர்ப்பக் குறிகளை அது மூன்றாக வகுக்கிறது: அனுமானக் குறிகள், சாத்தியக் குறிகள், உறுதிக் குறிகள். வலிமையைப் பொறுத்த வகைப்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. இது படிப்பவர் யார் என்பதைப் பொறுத்த வகைப்பாடு. தள்ளிப்போன நாள், குமட்டல், அசதி என்று பெண் தானே உணர்பவை பெரும்பாலும் அனுமானம். பரிசோதிக்கும் கை கண்டுபிடிப்பவை சாத்தியம். அவற்றுக்குச் சாட்விக், ஹீகார், குடெல் என்று ஆண் மருத்துவர்களின் பெயர்கள். ஸ்கேனில் தெரிவதும் கேட்கும் இதயத்துடிப்பும் உறுதி. குழந்தையின் அசைவைத் தாய் உணர்ந்தால் அது அனுமானம். அதே அசைவு மருத்துவரின் கைக்குத் தட்டுப்பட்டால் உறுதி! அசைவு ஒன்றுதான், வாசகர்தான் வேறு.

தவறாகப் படிக்கும் சாத்தியம் பெண்ணுக்கும் உண்டு, மறுக்கவில்லை. கர்ப்பமே இல்லாமல் எல்லா அறிகுறிகளும் தோன்றும் பொய்க்கர்ப்பம் மருத்துவம் அறிந்த ஒன்றுதான். என் கேள்வி வேறு. அவளுடைய சொல்லை நம்பாத அமைப்பு, அவளைத் தண்டிக்கும்போது மட்டும் அதைத் தேடி வருவதேன்? 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருக்கலைப்புக்கு 3 ஆண்டு வரை சிறை என்றது. வயிற்றில் அசைவு தோன்றிய பிறகென்றால் 7 ஆண்டு வரை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் இந்தப் பாகுபாடு அப்படியே தொடர்கிறது. அசைவை முதலில் அறியக்கூடியவள் அவள் ஒருத்திதானே.

4

இந்த இடத்தில்தான் பரிசோதனைப் பட்டையின் முக்கியத்துவம் வருகிறது. 1920களின் கடைசியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரை எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, அவற்றைக் கொன்று சினைப்பையைப் பார்த்தார்கள். பிறகு முயல், அதன்பின் தவளை. பல காலம் அந்தப் படிப்பறை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்தது. 1967இல் அமெரிக்காவில் ஆர்கனான் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த மார்கரெட் கிரேன், சோதனைக்கூடத்தில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்துவிட்டு, இதைப் பெண்ணே வீட்டில் செய்துகொள்ளலாமே என்று யோசித்தார். அங்கே கடைக்கு வர 1977 ஆயிற்று. இன்று நம் மெடிக்கல் ஷாப்பில் மடித்த காகிதப்பைக்குள் போட்டுத் தருகிறார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு கோடுகளுக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிஷம், கூட்டுக்குடும்பத்துப் பெண்ணுக்குச் சரித்திரம் முதன்முதலாகக் கொடுத்த தனிமை என்பேன். அத்தைக்கும் முன்னால் நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

ஆனால் பட்டை படிப்பது எச்சிஜி என்ற ஹார்மோனை மட்டும். கரு கர்ப்பப்பையில் இருக்கிறதா, குழாயில் தங்கி உயிருக்கே ஆபத்தாக நிற்கிறதா, வளர்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரு பக்கமாக அடிவயிற்றில் வலித்தால், தலை சுற்றினால், இரண்டு கோடுகளை நம்பி வீட்டில் இருந்துவிடக்கூடாது.

5

ஒன்பதாம் வாரம் ஒருநாள் காலையில் எனக்குக் குமட்டவில்லை. காப்பி ருசித்தது. பயந்துபோனேன். மருத்துவமனையில் சொன்னபோது, "நல்லதுதானேம்மா, நிம்மதியா சாப்பிடுங்க" என்றார்கள். குமட்டல் அடங்கிய எல்லாருக்கும் கெட்ட சேதி என்று பொருளில்லை. பலருக்கு அது தானாக அடங்குவதுதான். ஆனால் என் உடம்பை நான் படித்த விதம் வேறாக இருந்தது. அது குறிப்பேட்டில் ஏறவில்லை. ஐந்து நாள் கழித்து ஸ்கேனில் துடிப்பு இல்லை. அப்போதுதான் நான் சொன்னது உறுதியாயிற்று.

எல்லாம் முடிந்து பத்து நாளுக்குப் பின், ஏனென்று தெரியாமல், மிச்சமிருந்த ஒரு பட்டையில் சோதித்தேன். இரண்டு கோடுகள். ஹார்மோன் ரத்தத்திலிருந்து இறங்க சில வாரங்கள் ஆகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். குறிப்பான் இருக்கிறது, குறிப்பீடு இல்லை என்று எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்பேன்! குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்ப்பது வேறு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காப்பி ருசித்த அந்தக் காலையில், தட்டில் நான் மூன்றாவது இட்லி வைத்துக்கொண்டதைப் பார்த்த அத்தை, "குமட்டலை?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மேற்கொண்டு எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கும் இரண்டு அப்படிப் போயிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. என் நாட்களை எண்ணிக் கண்காணித்த அதே கண்தான், நான் படித்ததை அன்று நம்பிய ஒரே கண்ணும். கண்காணிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

கர்ப்பத்தின் அறிகுறிகள் என்னென்ன என்று பட்டியல் போடுகிறவர்கள் போடட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். குறிப்பேட்டின் முதல் வரியில், கடைசியாகக் குளித்த தேதிக்கும் முன்னால், 'உனக்கு என்னம்மா தோணுது?' என்று ஒரு கேள்வி இருக்கட்டும். பதில் தப்பாகவும் இருக்கலாம். எழுதி வைக்கட்டும்.