காரணிகர் கடன்

நூலொன்று நன்னூலென்று கொள்ளப்படுதற்கு அதனை ஆக்கினோன் பெருமை மாத்திரம் அமையாது. அதனைக் கேட்டு ஆராய்ந்தோரது நடுவுநிலைமையும் வேண்டப்படும். இறையனார் களவியலுக்கு உரை கண்ட சங்கப்புலவர் தம்முள் மாறுபட்ட காலத்து, மெய்யுரை இஃதெனத் தேர்தற்குக் காரணிகனாக அமர்ந்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு நிரம்பிய மூங்கைப் பிள்ளை என்பது அந்நூலுரையிற் கண்ட வரலாறு. அப்பிள்ளை அவருள் எவர்க்கும் உரை வகுத்தற்குத் துணை செய்தானல்லன். எவரிடத்தும் பயன் கருதினானல்லன். முகமன் கூறுதற்கு அவனுக்கு வாயும் இல்லை. காரணிகர்க்குக் கல்வியோடு பற்றின்மையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மேனாட்டுச் சமயநூற் பத்திரிகைகளில் இந்நாளில் வழங்கும் முறையும் இதனோடு ஒப்பதே. ஒருவர் விடுத்த ஆராய்ச்சியைப் பத்திராதிபர் அவ்வாறே அச்சேற்றுவதிலர். அத்துறையில் வல்லார் இருவர்க்கோ மூவர்க்கோ அதனை அனுப்பிக் கருத்து வினவுவர். அவர் பெயர் எழுதினோர்க்கு வெளியிடப்படாது. அவர் காட்டும் குறைநிறைகளை நோக்கிக் கட்டுரை கொள்ளவும் திருத்தவும் தள்ளவும் படும். முறை நன்றே. ஆயினும் முறை நன்றாதல் வேறு, அது வழுவாது நடத்தப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை விளங்கக் காட்டுவது, 1908இல் தோன்றிய ஹார்வர்டு தியலாஜிகல் ரெவ்யூ என்னும் புகழ்வாய்ந்த இதழில் நிகழ்ந்த தொன்று.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், உரோமாபுரியிற் கூடிய காப்தியக் கல்வி மாநாட்டில், ஹார்வர்டுப் பேராசிரியர் கரேன் கிங் அம்மையார் பாப்பிரசு ஓலைத் துணுக்கொன்றைப் பற்றி அறிவித்தனர். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உடைய அத்துணுக்கின் ஒரு பக்கத்தில் முற்றுப்பெறாத எட்டு வரிகள் காப்திய மொழியில் இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஏசுநாதர் தம் மனைவியைக் குறித்துப் பேசுவதாகச் சொற்கள் அமைந்தன. ஏசுநாதர் மணந்தவர் என்பதற்கு இது சான்றாகாது என்றும், பிற்காலக் கிறித்தவருட் சிலர் அங்ஙனம் கருதினர் என்பதற்கே சான்றாம் என்றும் அம்மையார் அடக்கமாகவே கூறினர். ஆயினும் அத்துணுக்கிற்கு அவர் இட்ட பெயர் 'ஏசுவின் மனைவியின் சுவிசேடம்' என்பது. அடக்கம் கட்டுரையுள்ளே நிற்க, பெயர் உலகெங்கும் ஓடிற்று.

அக்கட்டுரையை ஆராய்ந்த காரணிகர் மூவருள் இருவர் ஐயுற்றனர், ஒருவரே உடன்பட்டனர். பிற அறிஞரும் வாளாவிருந்திலர். சொற்றொடர்கள், 1945இல் எகிப்து நாட்டு நாக் அமாதிக்கு அருகிற் கிடைத்த ஏடுகளுள் ஒன்றாகிய தோமாவின் சுவிசேடத்தினின்றும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டப்பட்டன என்று டர்ஹாம் பல்கலைக்கழகத்துப் பிரான்சிசு வாட்சன் அத்திங்களிலேயே எடுத்துக் காட்டினர். இக்காலத்தார் ஒருவர் அந்நூலைச் சொற்பொருளோடு பெயர்த்து இணையத்தில் இட்ட பதிப்பில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. அப்பிழையே துணுக்கிலும் உளதென்று ஆண்ட்ரூ பெர்னார்டு என்பவர் காட்டினர். பழைய எழுத்தாளன் ஒருவன் நம் காலத்துப் பதிப்பின் வழுவைப் பார்த்தெழுதினான் என்பது எவர்க்கும் ஒவ்வாது.

2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவரவிருந்த கட்டுரை, சோதனைகள் நிகழும்வரை நிறுத்தி வைக்கப்பட்டு, 2014 ஏப்பிரலில் வெளியாயிற்று. ஓலையின் பழைமை கரிமச் சோதனையால் அளக்கப்பட்டது. ஒரு சோதனை கிறித்துவிற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சுட்டிற்று. அது பொருந்தாதென ஒதுக்கப்பட, மற்றொன்று 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிற் சுட்டிற்று. மையும் பழங்கால வழக்கிலிருந்த கரிமையோடு மாறுபடவில்லை எனப்பட்டது.

ஈண்டு அளவைநூல் வல்லார் நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஓலை பழையது, ஆதலின் அதன்மேல் எழுதிய எழுத்தும் பழையது என்பது கருதலளவையாமா? ஆகாது. ஏது, துணிபொருள் உள்ள இடத்தன்றி இல்லாத இடத்தும் செல்லுமாயின் அஃது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாம். பழைய ஓலை, பழைய எழுத்தைத் தாங்குதலும் உண்டு; எழுதாது கிடந்து நேற்றைய எழுத்தைத் தாங்குதலும் உண்டு. எழுதப்படாத பழைய பாப்பிரசுத் துண்டு விலைக்குக் கிடைப்பது. விளக்குக்கரி எவரும் ஆக்கிக்கொள்வது. ஆகவே அச்சோதனைகள் பொய்யென்று துணியாமைக்கு மாத்திரம் காரணமாவன. மெய்யென்று துணிதற்கு ஆகா. பொய்யென்று காட்ட இயலாமையை மெய்யென்று காட்டியதாகக் கொண்டமையே இவ்வழக்கின் முதல் வழு.

காட்சியளவை விரைவிலேயே உண்மையை வெளிப்படுத்திற்று. அத்துணுக்கோடு ஒருங்கு சோதிக்கப்பட்ட யோவான் சுவிசேடத் துணுக்கொன்றின் படம் வெளிவந்தவுடன், கிறிஸ்டியன் அஸ்கிலாண்டு என்னும் அறிஞர் அதனை நோக்கினர். எர்பர்ட் தாம்ப்சன் 1924இல் பதிப்பித்த காப்திய ஏட்டின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்த்தெழுதியதுபோல, வரி முடியும் இடங்களெல்லாம் ஒத்திருந்தன. அதன் கிளைமொழியோ, சோதனையிற் பெற்ற காலத்திற்கு முன்னரே வழக்கொழிந்தது. அதனை எழுதிய கையும் மையும் மனைவி பற்றிய துணுக்கினை எழுதிய கையும் மையுமாகவே தோன்றின. ஒன்று போலியாயின் மற்றொன்றும் போலியே என்க.

இரண்டாவது வழு உரையளவை பற்றியது. ஒருவன் கூற்று ஆப்தவாக்காதற்கு அவன் யாவன், அவன் அறிந்தது எவ்வாறு என்பன விளங்கவேண்டும். துணுக்கினை உடையவர் தம் பெயரை வெளியிடலாகாது என்று கேட்டுக்கொள்ள, அம்மையார் அதற்கு இசைந்தனர். 1999இல் விலைக்குப் பெற்றதாகக் காட்டும் ஒப்பந்தம் முதலியவற்றின் நகல்களே அவர்க்குத் தரப்பட்டன, மூலம் தரப்படவில்லை. அவற்றின் மெய்ம்மையைத் துருவியவர் சமயநூற் புலவரல்லர். ஏரியல் சேபர் என்னும் செய்தியாளர். அவர் 2016இல் அட்லாண்டிக் இதழில் உடையவரது வரலாற்றை வெளிப்படுத்தியபின், சான்றுகள் போலி என்னும் பக்கமே சாய்கின்றன என்று அம்மையார் தாமே உடன்பட்டனர். அவ்வுடன்பாடு பாராட்டத்தக்கது. ஆயினும் அச்செய்தியாளர் கேட்ட வினாக்கள் நான்காண்டுகட்கு முன்னர்ப் பத்திராதிபராற் கேட்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மூன்றாவது வழுவே காரணிகர் பற்றியது, ஏனையவற்றினும் கொடியது. சேபர் 2020இல் வெளியிட்ட நூலில், மூவருள் உடன்பட்ட அவ்வொருவர், அத்துணுக்கினை ஆராய்தற்கு அம்மையார்க்கு முன்னரே துணைநின்றவர் என்று எழுதியுள்ளார். சோதனை செய்தோருள்ளும் ஒருவர் அம்மையாரது குடும்பத்திற்கு நெடுநாள் நண்பர் என்றும், மற்றொருவர் அத்துணைவர்க்கு மைத்துனர் முறையினர் என்றும் அந்நூல் கூறுகின்றது. அவர் எவரும் பொய் கூறினார் என்பது ஈண்டுக் கருத்தன்று. அவர் கல்வியும் நேர்மையும் ஐயுறப்படா. ஆயினும் தான் நட்டுத் தண்ணீர் விட்ட மரத்தின் கனியைத் தானே புளிப்பென்று கூறுவார் அரியர். உரை வகுத்தார் ஒருவரையே காரணிகராக இருத்தியிருப்பின் சங்கப்புலவர் பிணக்கு எவ்வாறு தீர்ந்திருக்கும்? பற்றில்லாத இருவர் ஐயம் பின்னிட, பற்றுடைய ஒருவர் இசைவு முன்னின்றது என்பதே இதன் திரண்ட பொருள்.

இதற்கு விடையாகச் சிலர் கூறுவது: அவ்விதழ் தன் கடனைச் செவ்வனே ஆற்றிற்று, துணுக்கு போலியென்று மறுத்த பிரவுன் பல்கலைக்கழகத்து லியோ டெப்பூய்த் கட்டுரையையும் அதே இதழில் வெளியிட்டது, துணுக்கு மெய்யென்று இதழ் ஒருபோதும் உறுதி கூறவில்லை என்பது. மறுப்பிற்கு இடந்தந்தமை உண்மை, அது நன்றே. ஆயினும் உறுதி கூறவில்லை என்பது விடையாகாது. காரணிகர் ஆய்வுக்குப்பின் அச்சேறியது என்னும் மதிப்பே, கற்போர்க்கு இதழ் அளிக்கும் உறுதி. அம்மதிப்பினை முன்னர்ப் பெற்றுக்கொண்டு, வழு வெளிப்பட்டபின் உறுதி கூறிற்றிலேம் என்றல் முறையன்று.

2016இல் கட்டுரையை மீட்டுக்கொள்க என்று கேட்டார்க்கு அவ்விதழ் இசைந்திலது. 1997இல் இங்கிலாந்தில் மருத்துவ இதழ்ப் பத்திராதிபர் தொடங்கிய பதிப்பு நெறிக்குழு, கட்டுரையை மீட்டல் எழுதினோரை ஒறுத்தற்கன்று, கற்போரைப் பிழையினின்று காத்தற்கே என்று விதிக்கின்றது. அறியாது நிகழ்ந்த பிழையும் மீட்டற்குரியதே என்பதும் அதன் நெறி. இந்நெறி நோக்கின் மீட்டலால் அம்மையார்க்கு இழுக்கொன்றும் இல்லை. மீட்காமையால் பின்வரும் மாணாக்கர்க்கு இடர் உண்டு. அக்கட்டுரையை மாத்திரம் எடுத்துக் காண்பான் ஒருவன், மறுப்புக்கள் வேறிடத்து உளவென்பதை எங்ஙனம் அறிவான்?

பிறர் சமயத்தில் நிகழ்ந்த இழுக்கென்று இதனைக் கண்டு மகிழ்தல் சைவ நன்மக்கட்கு அழகன்று. போலியைப் போலியென்று நாட்டியவரும் அத்துறையிற் கற்றுத் துறைபோயவரே. 2015இல் நியூ டெஸ்டமெண்ட் ஸ்டடீஸ் என்னும் இதழ் இம்மறுப்புக்களைத் தொகுத்து வெளியிட்டது. தம் ஆசிரியன்மார் பிழைத்தவிடத்துத் தாமே எடுத்துக் கூறும் ஆண்மை அவரிடத்து உளது, அது கொள்ளத்தக்கது.

பழஞ்சுவடியிற் கண்டதென்று யாதானுமொன்று நம்மிடை வருங்கால், அதனை வெளியிடுவோர் வினவற்பாலன மூன்று. ஏடு யார் கையினின்று யார் கைக்கு வந்தது? ஏட்டின் பழைமையன்றி எழுத்தின் பழைமைக்குச் சான்று யாது? ஆராய்ந்தவர் ஆக்கினோர்க்கு உறவும் துணையும் அல்லாதவர்தாமா? மூன்றனுள் ஒன்றற்கு விடையின்றேனும் அச்சேற்றாது நிறுத்துதலே கடன். இறைவன் திருவாக்கென்று போற்றப்படும் நூல்களை உடையார்க்கு இக்கடன் ஏனையோரினும் பெரிது. திருமுறையோடு கலந்த ஒரு பொய் வரி, ஏனைய மெய்வரிகளையும் ஐயத்துள் ஆழ்த்தும் ஆதலின்.

திருச்சிற்றம்பலம்.